ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒட்டுவது எப்படி?

ஜூனில் புதிதாக வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு அறிவுரை தவறாமல் கிடைக்கும். ஒன்று, "முதல் ஒரு மாசம் பல்லைக் காட்டாதீங்க, அப்புறம் தலையில ஏறி உட்கார்ந்துக்குவானுங்க." இன்னொன்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்வது: "மாணவர்களிடம் நண்பனாகப் பழகுங்கள்." முதலாவதைக் கேட்டு நடந்தால் வகுப்பு கப்சிப்பென்று இருக்கும், சந்தேகமும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவதைக் கேட்டு நடந்தால் கொஞ்ச நாள் ஜாலியாகப் போகும். அப்புறம் ஒரு நாள் "வீட்டுப்பாட நோட்டை எடுங்க" என்று குரலை உயர்த்தும்போது, நேற்று வரை சிரித்தவர் இன்றைக்கு ஏன் முறைக்கிறார் என்று பிள்ளைகள் முழிப்பார்கள்.

என்னைக் கேட்டால், ஒரு வகுப்பு உங்களை எடைபோடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான். படிப்பு வராத, வீட்டுப்பாடம் எழுதாத, மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை நாற்பது பேரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முதல் மார்க் வாங்கும் பெண்ணும் அதைத்தான் பார்க்கிறாள். நாளைக்குத் தனக்கு ஒரு கணக்கு வராமல் போனால் தனக்கும் இதே மரியாதைதான் என்று அவளுக்குத் தெரியும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதிலிருந்து கிளம்புவதுதான்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். எட்டு வரை எல்லோருக்கும் தேர்ச்சி, ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகள் எட்டோடு முடிந்துவிடுவதால் நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்வதும் இந்த வகுப்பில்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படிப்பவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் ஆடி வரைக்கும் ஒரு முறைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த வருடம் பொதுத் தேர்வு. குரல் உடைந்து, மீசை அரும்பி, ரோஷம் வருகிற வயது வேறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அதட்டிவிட்டு அடுத்த நிமிடம் கொஞ்சினால் மறந்துவிடும். பதினாலு வயதுப் பிள்ளை எல்லார் முன்னாலும் கேட்ட ஒரு வார்த்தையை வருடம் முழுக்க மனசில் வைத்திருக்கும்.

முதல் வாரம்: பெயர்

பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதல் வாரத்துக்குள் பெயர்களைப் பிடித்துவிடுங்கள். வருகைப் பதிவை இப்போதெல்லாம் போனில் போடுகிறோம், அதனால் தலை குனிந்தே "உள்ளேன் ஐயா", "உள்ளேன் டீச்சர்" எல்லாவற்றையும் காதால் மட்டும் வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறோம். பெயரைக் கூப்பிடும்போது நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள், பதிவை அடுத்து ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

ஒரு வெள்ளைத் தாளில் பெஞ்சுகளை வரைந்து, யார் எங்கே என்று எழுதி, முதல் இரண்டு வாரம் இடம் மாறக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். அதைவிட நல்ல வழி, திருத்திய நோட்டுகளை லீடரிடம் கொடுத்து விநியோகிக்கச் சொல்லாமல் நீங்களே ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் கையில் கொடுப்பது. பெயரைப் படித்து, முகத்தைத் தேடி, கொடுக்கும்போது ஒரு வார்த்தை. நாலு தடவை இப்படிக் கொடுத்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக், நாலு பிரியா இருப்பார்கள், "இன்ஷியல் என்னம்மா?" என்று கேட்டு, அதோடு சேர்த்துக் கூப்பிட்டால் போதும், "நெட்டை கார்த்திக்", "கருப்பு பிரியா" எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர் உங்கள் காதில் விழும், அதை நீங்களும் சொன்னால் வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பில் உங்களுக்கும் ஒரு குஷி வரும். ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

ஊர்ப் பெயரை வைத்துக் கூப்பிடுவது இன்னும் மோசம். "ஏய், அந்தக் காலனிப் பையா" என்று சொல்கிறவருக்கு அது அடையாளம் காட்ட ஒரு வசதி, அவ்வளவுதான். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அது சாதி என்று தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதிப் பகையில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் காயம். அதற்குப் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றிய பரிந்துரை மட்டும் ஊரெல்லாம் பேசப்பட்டது. வகுப்பாசிரியருக்கு அதைவிட முக்கியமான சங்கதிகள் அதில் இருக்கின்றன: வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி மாணவரைக் கூப்பிடக்கூடாது, பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை விஷயங்களை வகுப்பில் அறிவிக்காமல் தனித்தனியாகத் தலைமையாசிரியர் அறையில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "எஸ்சி ஸ்காலர்ஷிப் ஃபாரம் குடுக்க வேண்டியவங்க எழுந்திருங்க" என்று வகுப்பு நடுவில் கேட்டு ஒரே நிமிடத்தில் வேலையை முடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் எழுந்து நின்ற பிள்ளை உங்களிடம் மறுபடி மனசு விட்டுப் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

(திட்டும்போது "எருமை" என்று சொல்வது நமக்குப் பழைய வழக்கம்தான். நன்னூலிலேயே கடை மாணாக்கருக்கு எருமையையும் ஆட்டையும் ஓட்டைக் குடத்தையும் நெய் வடிகட்டும் நெய்யரியையும் உவமை சொல்லியிருக்கிறார் பவணந்தி. அவர் சூத்திரத்தில் சொன்னார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்துச் சொல்லவில்லை.)

லேட்டாக வருகிறவன்

முதல் பீரியடில் கதவருகே தயங்கி நிற்கிறான். "ஏன்டா லேட்டு?" என்று அங்கேயே நிறுத்தி விசாரித்தால் இரண்டு விஷயம் நடக்கும். அவன் ஒரு பொய் சொல்வான், வகுப்பு சிரிக்கும். தலையாட்டி உள்ளே வரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். இடைவேளையில் கூப்பிட்டுக் கேளுங்கள். டவுன் பஸ் ஒன்று தவறினால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வருகிற ஊர்கள் இருக்கின்றன. அம்மா காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போய்விட்டதால் தம்பியைக் கிளப்பி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களுக்கு மறுநாள் சில பையன்கள் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவார்கள். கேட்டரிங்காரரோடு பந்தி பரிமாறப் போய், ராத்திரி பாத்திரம் ஏற்றிவிட்டு வந்திருப்பார்கள். சரியா தவறா என்பதை அப்புறம் அவனிடமும் வீட்டிலும் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரியாமல் "ராத்திரி பூரா போன் நோண்டினியா?" என்று கேட்டுவிட்டால் அவன் அதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவான், உங்களுக்கு உண்மை தெரியவே தெரியாது.

சும்மா தாமதமாக வருகிறவனும் உண்டு. இரண்டு வாரத்தில் யார் எந்த வகை என்று தெரிந்துவிடும். அவனுக்குப் பொறுப்பு கொடுங்கள் என்பார்கள், எல்லா நேரமும் அது எடுபடாது. பொறுப்பையும் சேர்த்துத் தாமதமாகச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவனோடு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எழுந்தால் எத்தனை மணிக்கு வரலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது சில சமயம் வேலை செய்கிறது.

பெண்பிள்ளைகள் வெளியே போக அனுமதி கேட்டால் காரணம் கேட்காதீர்கள். ஆண் ஆசிரியர் என்றால் முதல் நாளே, "கையைக் காட்டிட்டுப் போயிட்டு வாங்க, கேட்க வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அதைப் பையன்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள், அப்போதுதான் யாரையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி கேட்பது, தப்பான பதில் வாங்குவது

உறவு என்றதும் பாடத்துக்கு வெளியே என்னென்னவோ செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம், பிறந்தநாளுக்குச் சாக்லேட், விளையாட்டு, கதை. செய்யலாம். ஆனால் ஒரு பிள்ளை உங்களோடு இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பாடம்தான், அங்கே அவமானப்படுத்திவிட்டு வெளியே சாக்லேட் கொடுத்துப் பயனில்லை.

கேள்வி கேட்டதும் நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பொறுக்கிறார்கள், அதற்குள் அடுத்த ஆளைக் கேட்கிறார்கள் அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்புகளில் "யாராவது சொல்லுங்க" என்போம், முதல் பெஞ்சில் அந்த நாலு கை எழும், முடிந்தது. கேள்வியைக் கேளுங்கள், கையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ள அரை நிமிடம் விடுங்கள், அதற்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பக்கத்துப் பையனோடு பேசி வைத்த பதில் என்பதால் தப்பாகப் போனாலும் தனியாக மாட்டிக்கொண்ட மாதிரி இருக்காது.

தப்பான பதில் வரும் இடம்தான் முக்கியம். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் கிடைக்கும் தப்பு ஒன்று சொல்கிறேன். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்ன என்று கேட்டால், ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்பான். "எட்டாம் கிளாஸ்ல என்னடா படிச்ச?" என்று கேட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான், சரியான வாய்ப்பாட்டை நாலு முறை எழுதச் சொன்னால் எழுதிவிடுவான், பரீட்சையில் மறுபடி அதே தப்பைச் செய்வான். அதற்குப் பதிலாக, "சரி, ஏ-க்கு 2, பி-க்கு 3 போட்டுப் பாரு" என்று சாக்பீஸைக் கையில் கொடுங்கள். இரண்டும் மூன்றும் ஐந்து, அதன் வர்க்கம் 25. அவன் சொன்ன வழியில் 4-உம் 9-உம் 13. கரும்பலகைக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பான். "மீதி 12 எங்க போச்சு?" என்று வகுப்பைக் கேளுங்கள், அவனைக் கேட்காதீர்கள். இப்போது கேள்வி அவனுடைய தப்பைப் பற்றியது அல்ல, காணாமல் போன 12 பற்றியது. பக்கம் 5 உள்ள ஒரு சதுரம் வரைந்து, இரண்டு பக்கத்தையும் 2, 3 என்று பிரித்துக் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு மூலையில் 4, எதிர் மூலையில் 9, நடுவே இரண்டு செவ்வகம், ஒவ்வொன்றும் 6. "சார், ரெண்டு ஆறு!" என்று யாராவது கத்துவார்கள், பல நேரம் அது அவனாகவே இருக்கும். கடைசியில், "இவன் கேட்டதாலதான் இந்தப் படமே போட்டோம்" என்று சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். பொய்ப் பாராட்டும் இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறீர்கள். ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்த மற்ற முப்பத்தொன்பது பேரில் நாலு பேர் அடுத்த நாள் புதிதாகக் கை தூக்குவார்கள்.

அதேபோல, தெரியாததைப் பிள்ளை கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் பார்த்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். கட்டாயம் வந்து சொல்ல வேண்டும். "அப்புறம் சொல்றேன்" என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கண்டிப்பது

அடி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பிரம்படிக்கு இடம் கொடுத்த கல்வி விதி 2003-லேயே போய்விட்டது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. "அடிக்காம எப்படிங்க வழிக்கு வருவானுங்க, நாங்கல்லாம் அடி வாங்கித்தானே முன்னுக்கு வந்தோம்" என்று ஸ்டாஃப் ரூமில் இன்னும் கேட்கலாம். அடி வாங்கிப் பாதியில் நின்றவர்கள் அந்த ஸ்டாஃப் ரூமில் இல்லை, அதனால் அவர்கள் பதில் நமக்குக் கேட்பதில்லை.

பிரம்பு போன பிறகு அந்த இடத்தில் வேறு சில வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது, ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதி வைப்பது. லீடருக்குப் பிடிக்காதவன் பெயர் முதலில் இருக்கும், அவன் மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அப்புறம் இன்னொன்று. நீங்கள் உள்ளே வந்ததும் எதையும் பார்க்காமல் அந்தப் பட்டியலை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். லீடரையும் கெடுத்து, அவனையும் பகையாக்குகிற ஏற்பாடு இது. அதை நிறுத்துங்கள். நீங்கள் வர ஐந்து நிமிடம் ஆகும் என்றால் கரும்பலகையில் ஒரு கணக்கோ ஒரு புதிரோ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

பாடம் நடக்கும்போது ஒருவன் பெஞ்சில் தாளம் போடுகிறான். கத்தாதீர்கள். விளக்கிக்கொண்டே அவன் பெஞ்சு வரை நடந்து போய் நில்லுங்கள். பாதி நேரம் அதுவே போதும். நிற்கவில்லை என்றால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, கையை நிறுத்து. பெல் அடிச்சதும் ஒரு நிமிஷம் என்னைப் பாரு." சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள், அவன் நிறுத்துகிறானா என்று அங்கேயே நின்று முறைத்துப் பார்க்க வேண்டாம். பின்னால் இருந்து எல்லோரும் பார்க்கும்போது உடனே பணிந்து போவது பதினாலு வயதில் யாருக்கும் கஷ்டம், அரை நிமிடம் கழித்துத் தானாக நிறுத்தினால் அவன் மானம் தப்பிக்கும். பெல் அடித்ததும் அவன் நழுவப் பார்ப்பான், கூப்பிடுங்கள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"பாடம் புரியலையா, போர் அடிக்குதா?"

"..."

"போர்டுல எழுதினது தெரியுதா அங்கிருந்து?"

"கொஞ்சம் மங்கலா தெரியும் சார்."

இது கதைக்காக எழுதியதில்லை, கடைசி பெஞ்சுச் சேட்டையில் கண் பார்வைக் குறைவு அடிக்கடி ஒளிந்திருக்கும். பள்ளிகளில் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் திட்டம் இருக்கிறது, பட்டியலில் அவன் பெயர் போகிறதா என்று பாருங்கள், கண்ணாடி வந்த பிறகு அதைப் போடுகிறானா என்றும் பாருங்கள். கேலிக்குப் பயந்து பையிலேயே வைத்திருப்பார்கள்.

மற்றபடி கண்டிப்பில் பிள்ளைகள் எதிர்பார்ப்பது ஒரே அளவுகோல். கண்டிப்பான வாத்தியாரை அவர்கள் வெறுப்பதில்லை, ஆளுக்குத் தகுந்த மாதிரி கண்டிப்பவரைத்தான் வெறுக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பெண் வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை என்றால் "பரவாயில்லம்மா, நாளைக்குக் கொண்டா" என்கிறோம், அதே நாள் இன்னொருவன் கொண்டுவரவில்லை என்றால் வெளியே நிற்க வைக்கிறோம். இருவருக்கும் "நாளைக்குக் காலைல பிரேயருக்கு முன்னாடி காட்டு" என்று ஒரே வரியைச் சொல்லுங்கள். நேற்றைய தப்பு நேற்றோடு போகட்டும், இன்று காலை உள்ளே வருபவனைப் பார்த்து "வாங்க ராஜா, இன்னைக்கு என்ன கூத்து?" என்று ஆரம்பிக்க வேண்டாம். தப்பு உங்கள் பக்கம், நீங்கள் சந்தேகப்பட்டவன் செய்யவில்லை என்று தெரிந்தால், எந்த இடத்தில் திட்டினீர்களோ அதே இடத்தில், எல்லோரும் கேட்க, "நான் தப்பா சொல்லிட்டேன்" என்று சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது பாதிக் கடனைத்தான் அடைக்கும்.

நோட்டு

திருத்தும் நோட்டுகளில் சிவப்பு மையில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். நாற்பது நோட்டிலும் குறிப்பு எழுத முடியாது, யாராலும் முடியாது. ஒரு கட்டுக்கு ஐந்து நோட்டில் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த கட்டில் வேறு ஐந்து. "நன்று" என்று எழுதுவது கையெழுத்து மாதிரிதான், யாரும் படிப்பதில்லை. "மூன்றாவது கணக்கில் படம் போட்டது நல்ல யோசனை", "கழித்தலில் மட்டும்தான் வழுக்குகிறாய்" என்று எழுதினால் படிப்பார்கள், பக்கத்தில் இருப்பவனுக்கும் காட்டுவார்கள்.

வீடு

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்." இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு வீட்டில் ஒரு நாள் கூலி செலவாகிறது. தறிக்குப் போகிறவரோ சித்தாள் வேலைக்குப் போகிறவரோ அன்று வேலைக்குப் போக முடியாது. வந்து வராந்தாவில் காத்திருந்து, மகன் முன்னால் பேச்சு வாங்கி, அந்தக் கோபத்தை வீட்டில் மகனிடம் காட்டுவார். நீங்கள் அடிக்காமல் விட்டதை அங்கே அடிப்பார். அவசரமென்றால் மட்டும் வரச் சொல்லுங்கள். மற்றதற்குப் போன், அதுவும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவர்கள் வீடு திரும்பிய பிறகு.

பள்ளியிலிருந்து போன் வந்தாலே புகார் என்று பயப்படும் வீடுகள்தான் அதிகம். அதனால் முதல் போன் நல்ல சேதியாக இருக்கட்டும். ஜூன், ஜூலைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை, ஒரு நிமிடம்: "உங்க பொண்ணு கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே வராது. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பதிவில் இருக்கும் எண் பல சமயம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ ரீசார்ஜ் செய்யாததாகவோ இருக்கும், அதை இந்தச் சாக்கில் சரிசெய்துகொள்ளலாம். அப்புறம் நவம்பரில் ஒரு பிரச்சினைக்காகக் கூப்பிடும்போது அவர்கள் உங்கள் பேச்சை வேறு காதால் கேட்பார்கள்.

பெண்ணைப் பத்தோடு நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தால் வெறும் அறிவுரை எடுபடாது, கணக்கு பேசுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து இருக்கிறது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-லிருந்து. இது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது.

எல்லை

நண்பனாகப் பழகுங்கள் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். அவர்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் வேண்டியது நம்பிக்கையான ஒரு பெரியவர். ஆகவே: தனிப்பட்ட வாட்ஸ்அப் அரட்டை வேண்டாம், வகுப்புக் குழு போதும், அதில் பெற்றோர் எண்கள் இருக்கட்டும். தனியாகப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கும் அறை, வராந்தா, மரத்தடி என்று நாலு பேர் கண்ணில் படுகிற, காதில் விழாத இடம். உங்கள் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவது, கைச்செலவுக்குக் காசு கொடுப்பது, சொந்த வேலைக்குக் கடைக்கு அனுப்புவது எதுவும் வேண்டாம். தோளில் தட்டுவது எதார்த்தமாகத் தெரியலாம், எதிரில் இருப்பவர் ஒதுங்குகிறாரா என்பதைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டே பாராட்டலாம்.

நம்பிக்கை வந்த பிறகு ஒரு நாள் யாராவது வந்து, "மிஸ், ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்பார்கள். சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். "நீ சொல்றது உனக்கு ஆபத்தான விஷயமா இருந்தா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் நான் சொல்ல வேண்டி வரும், மத்தபடி வெளியே போகாது" என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் குறைவு. பாலியல் தொந்தரவு பற்றியது என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பதே குற்றம். பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. துருவித் துருவிக் கேட்காதீர்கள், சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி வழிகாட்டி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தால், உங்களிடம் சொல்ல முடியாத பிள்ளைக்கும் உதவும்.

நேரம் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு இந்தக் கேள்வி வரும், நியாயமான கேள்விதான். ஆன்லைன் பதிவு, பயிற்சி, இலவசப் பொருள் விநியோகம், தேர்தல் வேலை என்று பாடத்துக்கே நேரம் பற்றாத நிலை. 2025 ஜூலையில் வகுப்புகளில் ப வடிவில் உட்கார வைக்கும் யோசனையைப் பள்ளிக்கல்வித் துறை அனுப்பியபோது, நாற்பது பேர் அடைந்து கிடக்கும் அறையில் ப எங்கே போடுவது என்று எல்லோரும் கேட்டார்கள். யோசனை தப்பில்லை, அறைதான் சின்னது. பெஞ்சை நகர்த்த முடியாவிட்டால் ஆளை நகர்த்தலாம், அதாவது நம்மை. மேசைக்குப் பின்னால் நிற்காமல் பாதிப் பாடத்தைக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று எடுங்கள். கடைசி பெஞ்சு அப்போது முதல் பெஞ்சாகிவிடும், காசு செலவில்லை.

அப்புறம், ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான். காலையில் இரண்டு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பொழுது போவதற்குள் அந்த இரண்டு பேரிடமும் பாடம் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி, பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள், முடிந்தால் ஒரு வார்த்தை குறித்து வையுங்கள்: "ஆடு மூன்று", "கபடி, வலது முட்டி", "அண்ணன் திருப்பூரில்". ஒரு மாதத்தில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும். சேட்டை செய்கிறவனையும் கெட்டிக்காரப் பிள்ளையையும் நாம் தானாகவே பார்த்துவிடுவோம். இந்தப் பட்டியல் வேண்டியது நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்து 52 மார்க் வாங்கிக்கொண்டு போகும் அந்த இருபது பேருக்காக.

ஸ்டாஃப் ரூம் தகவல்

வகுப்புப் பட்டியல் கைக்கு வந்ததுமே பக்கத்து நாற்காலியிலிருந்து, "இவனா? இவங்க அண்ணனையே நான் பார்த்தவன், ஜாக்கிரதை" என்று ஆரம்பிப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். 1968-இல் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டது, உண்மையில் அது குருட்டாம்போக்கில் எடுத்த பட்டியல். வருடக் கடைசியில், குறிப்பாகச் சின்ன வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. விளைவு எவ்வளவு பெரியது என்று பின்னால் வந்தவர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் "இவன் தேறமாட்டான்" என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் நாம் அவனிடம் குறைவாகக் கேட்கிறோம், குறைவாகக் காத்திருக்கிறோம் என்பதை யார் வேண்டுமானாலும் தன் வகுப்பிலேயே பார்க்கலாம்.

அதனால் அந்தத் தகவல்களைக் கேளுங்கள், ஆனால் ஜூலை கடைசி வரை நம்பாதீர்கள். ஏப்ரலில் உங்கள் வகுப்பைப் பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, ஒரு பிள்ளைக்கு ஒரு வரி வீதம், உதவுகிற மாதிரி மட்டும் எழுதிக் கொடுங்கள்: "கண்ணாடி உண்டு, போடச் சொல்ல வேண்டும்", "எழுந்து நின்று பதில் சொல்லப் பயம், உட்கார்ந்தபடி கேட்டால் சொல்வாள்", "அம்மாவுக்குப் போன் செய்யவும், அப்பாவுக்கு வேண்டாம்." நாற்பது வரி, இரண்டு பக்கம் வரும்.